தோல் படிப்பு படித்த மேதை நாயுடம்மா



உங்கள் வீட்டில் அப்பாவின் தோல் செருப்பு இருக்கிறதா? பெல்ட், மணிபர்ஸ் இருக்கிறதா? அந்தத் தோல் ஆம்பூரில் பதனிடப்பட்டதாக இருக்கலாம். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி ஊர்களில் ஏதோ ஒன்றிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இந்த ஊர்களில் தயாராகும் ஷூக்கள் கப்பல் ஏறி வெளிநாட்டுக் கடைகளுக்கும் போகின்றன.

நாற்றமடிக்கும் பச்சைத் தோல் எப்படிப் பளபளக்கும் ஷூவாக மாறுகிறது? அதைக் கற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகத்தில் தனிப் படிப்பே இருக்கிறது தெரியுமா? அந்தப் படிப்பைப் படித்து, இந்தியத் தோல் தொழிலையே மாற்றிக் காட்டிய ஒருவரின் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் டாக்டர் யெலவர்த்தி நாயுடம்மா.

பெயரைக் கேட்டதும் பெண் என்று நினைத்துவிடாதீர்கள்! தெலுங்கு நாட்டில் ஆண்களுக்கும் இப்படிப் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு.

விவசாயி வீட்டுப் பிள்ளை

1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, குண்டூர் மாவட்டத்தில் தெனாலிக்கு அருகே உள்ள யெலவர்ரு என்ற கிராமத்தில் நாயுடம்மா பிறந்தார். அப்போது அந்தப் பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அவருடையது விவசாயக் குடும்பம். சுற்றிலும் நெல் வயல்கள். கிருஷ்ணா நதியின் கால்வாய்த் தண்ணீர் பாயும் வளமான பூமி.

குண்டூரில் கல்லூரிப் படிப்பை முடித்த நாயுடம்மா, பிறகு காசிக்குப் போனார். அங்கே பண்டித மதன் மோகன் மாளவியா 1916-இல் நிறுவிய பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் படித்தார். பட்டம் பெற்றதும், மற்றவர்கள் எளிதில் நெருங்காத ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் தோல்!

தோல் வேலை செய்பவர்களைச் சமூகம் தாழ்வாகப் பார்த்த காலம் அது. படித்தவர்கள் தோல் ஷாப்பு இருக்கும் தெருப் பக்கமே போக மாட்டார்கள். போனாலும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த வேலைக்குப் படிப்பு எதற்கு என்றுதான் பலரும் நினைத்தார்கள். நாயுடம்மா அப்படி நினைக்கவில்லை. சென்னையில் இருந்த தோல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்து கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்று, பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்றார்.

தோலில் என்ன இருக்கிறது படிக்க?

நிறைய இருக்கிறது, குழந்தைகளே!

ஆட்டுத் தோலையோ மாட்டுத் தோலையோ அப்படியே வைத்தால் இரண்டே நாளில் அழுகிவிடும். அழுகாமல் இருக்க உப்பைத் தடவி வைப்பார்கள். ஊறுகாய்க்கு உப்புப் போடுகிறோமே, அதே காரணம்தான்! தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு வந்ததும் முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் போடுவார்கள். ரோமம் கழன்றுவிடும். ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுப்பார்கள். அதன் பிறகுதான் உண்மையான பதனிடுதல்.

தோலில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. நூல் நூலாகப் பின்னிக்கிடக்கும் இந்தப் புரதத்தைப் பதனிடும் பொருள் இறுக்கிக் கட்டிப் போட்டுவிடுகிறது. அப்போது கிருமிகளால் அதைத் தின்ன முடியாது. தோல் அழுகாது, பல ஆண்டுகள் உழைக்கும்.

நம் முன்னோர் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் போட்டுப் பதனிட்டார்கள். சாலையோரம் மஞ்சள் மஞ்சளாகப் பூக்குமே, அந்த ஆவாரஞ்செடியின் பட்டைதான். இதற்குப் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைப் போட்டால் ஏறக்குறைய ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். தோலும் மென்மையாக, சூடு தாங்குவதாக இருக்கும். குரோமியத்தில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது நீல நிறத்தில் இருக்கும்.

எவ்வளவு குரோமியம் போட வேண்டும்? புளிப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? புரதத்தோடு அது எப்படிப் பிணைகிறது? இவையெல்லாம் வேதியியல் கேள்விகள். இவற்றைத்தான் நாயுடம்மா ஆராய்ந்தார்.

கங்காரு வால் கதை

சென்னை அடையாறில் 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பக்கத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் அழகப்பா செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது. தோல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் கல்லூரியில் பாடம் கேட்பார்கள். ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நடந்து வந்து கையால் வேலை பழகுவார்கள். புத்தகமும் தொழிலும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்தன!

இப்படிப் பக்கத்தில் இருந்ததால் கிடைத்த பலனை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். 1950-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன், கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடிக்க முயன்றார். அதற்குச் சுத்தமான கொலாஜன் வேண்டும். எங்கே போவது? தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்டார். அங்கே கங்காருவின் வால் தசைநார் இருந்தது! அதை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தார். மூன்று இழைகள் சடை பின்னியது போல ஒன்றை ஒன்று சுற்றியிருக்கும் வடிவம்தான் கொலாஜன் என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தார். அந்த நினைவாகத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு முச்சுருள் என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்த இயக்குநர்

அமெரிக்காவிலிருந்து திரும்பிய நாயுடம்மா இந்த நிறுவனத்தில்தான் சேர்ந்தார். 1958-இல் அதன் இயக்குநர் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து, முப்பத்தாறுதான்! 1971 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இயக்குநர் ஆனதும் அவர் முன் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானிகள் வெள்ளைக் கோட்டு அணிந்து சோதனை செய்தார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொழில் செய்பவர்கள் தாத்தா காலத்து முறையிலேயே பதனிட்டார்கள். பரம்பரைத் தொழிலை நமக்கு இவர்கள் என்ன சொல்லித் தருவது என்று தொழில் செய்பவர்கள் எண்ணினார்கள். இவர்களுக்கு அறிவியல் எங்கே புரியப்போகிறது என்று படித்தவர்கள் எண்ணினார்கள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சுவர்!

நாயுடம்மா அந்தச் சுவரை இடித்தார். விஞ்ஞானிகளைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார். தொழில் செய்பவர்களை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அழைத்தார். பதனிடுவோரும் விஞ்ஞானிகளும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கூடிப் பேசும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அந்தக் கூட்டம் வேறு பெயரில் இன்றும் நடக்கிறது. ஆராய்ச்சி செய்து காகிதத்தில் எழுதி அலமாரியில் வைத்தால் போதாது, அது ஏழைத் தொழிலாளியின் கூலியை உயர்த்த வேண்டும் என்பது அவர் கொள்கை. கிராமத்தில் செத்த மாட்டின் தோலை உரித்துப் பிழைக்கும் தொழிலாளியையும் அவர் மறக்கவில்லை. தோலில் வெட்டுப்படாமல் உரித்தால் அதிக விலை கிடைக்கும் அல்லவா? அதைக் கற்றுக்கொடுப்பதும் அறிவியலின் வேலைதான் என்று நினைத்தார்.

அந்தக் காலத்தில் நம் நாட்டிலிருந்து பச்சைத் தோலும், பாதி பதனிட்ட தோலும்தான் வெளிநாட்டுக்குப் போயின. அங்கே அதை ஷூவாகத் தைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். நெல்லை விற்றுவிட்டு, அதே நெல்லில் செய்த இட்லியை அதிகக் காசு கொடுத்து வாங்குவது போல! முழுக்கப் பதனிட்டு, ஷூவாகவே செய்து விற்றால் வேலையும் நமக்கு, லாபமும் நமக்கு என்று நாயுடம்மா போன்றவர்கள் எடுத்துச் சொன்னார்கள். 1973-இல் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் ஷூ கம்பெனிகள் பெருகின. இன்று காலை நேரத்தில் ஆம்பூர் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாப்பாட்டுப் பையுடன் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். எத்தனை வீடுகளில் அந்தச் சம்பளத்தால் அடுப்பு எரிகிறது! எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்!

டெல்லிக்கு அழைப்பு

1971-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதே ஆண்டு அவரை இன்னும் பெரிய பொறுப்பு தேடி வந்தது. நாடு முழுவதும் உள்ள தேசிய ஆய்வகங்களை நடத்தும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநர் ஆனார். 1977 வரை அந்தப் பதவியில் இருந்தார். அங்கேயும் அவர் கிராமத்தை மறக்கவில்லை. இப்போது தெலங்கானாவில் இருக்கும் கரீம்நகர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, விஞ்ஞானிகளை அங்கே போகச் சொன்னார். தண்ணீர், விவசாயம், கைத்தொழில் என்று மக்களின் தேவைக்கு அறிவியல் எப்படிப் பயன்படும் என்று பார்க்கச் செய்தார்.

அந்த ஆண்டுகளில்தான் சுற்றுச்சூழல் என்ற சொல் உலகம் முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. 1972-இல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஐ.நா. சபை சுற்றுச்சூழல் மாநாட்டை நடத்தியது. நம் பிரதமர் இந்திரா காந்தி அதில் கலந்துகொண்டார். 1974-இல் தண்ணீர் மாசுபடுவதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் வந்தது. நாகபுரியில் 1958 முதல் இயங்கிய பொது சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதே 1974-இல் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது. அது நாயுடம்மா தலைமை வகித்த மன்றத்தின் கீழ் இயங்கிய ஆய்வகம். குடிநீர், சாக்கடை பற்றிய பழைய படிப்பு, சுற்றுச்சூழல் பொறியியல் என்று புதிய பெயரும் புதிய கடமையும் பெற்றது இப்படித்தான்.

1981 முதல் 1982 வரை டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் நாயுடம்மா பணியாற்றினார். பல வளரும் நாடுகள் அவரிடம் ஆலோசனை கேட்டன.

1985-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி, கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம், பயங்கரவாதிகள் வைத்த வெடிகுண்டால் அயர்லாந்து அருகே கடலின் மேல் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 329 பேரும் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் நாயுடம்மா. அப்போது அவருக்கு வயது 62.

பாலாறு கேட்கும் கேள்வி

கதை இத்துடன் முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஒரு முக்கியமான பகுதி பாக்கி இருக்கிறது.

தோல் தொழில் வளர்ந்தது. வேலை கிடைத்தது. ஆனால் தோல் கழுவிய தண்ணீர் எங்கே போனது? உப்பும், சுண்ணாம்பும், குரோமியமும் கலந்த தண்ணீர் பல ஆண்டுகள் வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் பாலாற்று மணலிலும் இறங்கியது. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரா வழியாக வாணியம்பாடி அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மேலே வறண்ட மணலாகத் தெரிந்தாலும் அடியில் தண்ணீர் ஊறும் ஆறு அது. அந்த ஊற்றை நம்பித்தான் கரையோர ஊர்களின் கிணறுகள் இருந்தன. கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. தென்னையும் நெல்லும் வாடின.

வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டுப்போனது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 35 லிட்டர் என்றால் இரண்டு குடத்துக்கும் மேல்! ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று முடிவு சொன்னது. இந்தியா முழுவதும் சட்டம் படிப்பவர்கள் வேலூரின் பெயரைச் சொல்லி இந்த வழக்கைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரி 30-இலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லி, ஆற்றையும் நிலத்தையும் மீட்பதைக் கண்காணிக்கக் குழு அமைக்க உத்தரவிட்டது. அப்படியானால் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்றுதானே பொருள்?

யார் மேல் தப்பு என்று கேட்பீர்கள். தோலை எப்படி வேகமாகவும் நன்றாகவும் பதனிடுவது என்ற பாடத்தை நாடு முதலில் கற்றுக்கொண்டது. கழிவுநீரை என்ன செய்வது என்ற பாடத்தைக் கற்கத் தாமதித்துவிட்டது. முதல் பாடத்தை நடத்தியவர்கள் நாயுடம்மாவும் அவர் காலத்தவர்களும். இரண்டாவது பாடத்தை முடிக்க வேண்டியவர்கள் யார்? நீங்கள்தான்!

சுற்றுச்சூழல் பொறியாளர் என்ன செய்வார்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை போன்ற ஊர்களில் பல தொழிற்சாலைகளின் கழிவுநீரைக் குழாயில் சேர்த்து ஒரே இடத்தில் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே நடப்பதைக் கேளுங்கள்.

குரோமியம் கலந்த தண்ணீரைத் தொழிற்சாலையிலேயே தனியாகப் பிரிக்கிறார்கள். அதில் மெக்னீசியம் ஆக்சைடைப் போட்டால் குரோமியம் சேறு போல அடியில் படிந்துவிடும். அந்தச் சேற்றில் கந்தக அமிலம் ஊற்றினால் மீண்டும் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு கிடைக்கும். விஷத்தையே மறுபடி மூலப்பொருள் ஆக்குகிறார்கள்!

மற்றத் தண்ணீரைப் பெரிய தொட்டிகளில் விட்டுக் காற்றை ஊதுவார்கள். அதில் வளரும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்றுவிடும். இது 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் கண்டுபிடித்த முறை. ஆனால் நுண்ணுயிரிகள் உப்பைத் தின்னாது. அதற்கு ஆர்.ஓ. எந்திரம் வேண்டும். மெல்லிய சவ்வின் வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம், உப்புக் கரைசல் மறு பக்கம். அந்தக் கரைசலை வற்றவைத்தால் உப்பு மிஞ்சும்.

அந்த உப்பை என்ன செய்வது? பல உப்புகள் கலந்திருப்பதால் சமையலுக்கும் ஆகாது. தொழிலுக்கும் எளிதில் ஆகாது. மழையில் கரைந்தால் மீண்டும் மண்ணுக்கே போகும். அதனால் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கூரையின் கீழ் வைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு முழுமையான தீர்வு இன்னும் கிடைக்கவில்லை. உப்பே போடாமல் தோலைப் பாதுகாக்க முடியுமா? தண்ணீர் சேர்க்காமலே குரோமியத்தைத் தோலில் ஏற்ற முடியுமா? இரண்டாவது கேள்விக்கு ஒரு வழியை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளே கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாத் தொழிற்சாலைகளும் அதற்கு மாற வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் படிப்புதான் சுற்றுச்சூழல் பொறியியல். மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்து, கல்லூரியில் சிவில் அல்லது வேதிப் பொறியியல் முடித்து, முதுகலையில் இதைப் படிக்கலாம். நாயுடம்மா காலத்துத் தோல் தொழில்நுட்பப் படிப்பும் இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் அதே கல்லூரியில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், செல்வங்களே! தொழிற்சாலையை மூடிவிட்டால் ஆறு பிழைக்கும். ஆனால் அந்தச் சாப்பாட்டுப் பைப் பெண்களின் வீட்டில் அடுப்பு அணையும். ஆற்றை விட்டுவிட்டால் அடுப்பு எரியும். ஆனால் உலையில் வைக்க நல்ல தண்ணீர் இருக்காது. இரண்டையும் காப்பாற்ற வேண்டும். அதற்கு, பட்டம் வாங்கிய பிறகும் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் தோல் ஷாப்புக்குள் நுழையும் துணிச்சல் வேண்டும். நாயுடம்மாவிடம் இருந்தது அதுதான்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உபயோகித்த பிறகு எங்கே போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் ஒரு படம் வரையுங்கள். விடை தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். நீங்கள் படிக்க வேண்டிய பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது!